கால் போன பிறகு வரும் அட்டை

பாதத்தில் ஆறாத புண், உடம்பில் பல வருட இனிப்புநீர். உலு சிலாங்கூரின் ஓர் அரசு கிளினிக்கில் எண் சீட்டைப் பிடித்தபடி காத்திருக்கும் இப்படிப்பட்ட ஒருவர் மலேசிய அரசின் கணக்கில் நோயாளி மட்டுமே. புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் அவர் மாற்றுத் திறனாளி. அதன் பிறகே மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குத் தகுதி பெறுகிறார். அட்டை வந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் கிடையாது, மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் கட்டணம் கிடையாது. செயற்கைக் கால் வாங்கச் சமூகநல இலாகாவிடம் உதவி கேட்கலாம். காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆண்டுகளில் இதே அக்கறையோடு அவர் வீட்டைத் தேடி வர எந்தத் திட்டமும் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவரின் நிலை இன்னும் மோசம். அவரால் முழு வாரம் வேலைக்குப் போக முடியாது. அவரை நம்பி வேலை கொடுக்கப் பல முதலாளிகள் தயங்குவார்கள். ஆனாலும் அவர் மாற்றுத் திறனாளி ஆக முடியாது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த பல்வகை என்று ஓகேயூ பதிவுக்கு ஏழு பிரிவுகள் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு எதிலும் இல்லை. இனிப்புநீரால் கண் மங்குகிறவருக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18-க்குக் கீழே இறங்கினால்தான் அவர் குறைபார்வை உடையவர். 3/60-க்கும் கீழே போனால் பார்வையற்றவர்.

எந்த அரசும் எங்காவது ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். பொதுப் பணத்தைச் செலவிடும்போது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்பது நியாயம். கேள்வி கோட்டின் மேல் இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் யார் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. பத்தாங் காலியிலிருந்து மேற்கே புக்கிட் பெருந்தோங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வரை நீளும் தோட்டப் பகுதிகளில் அந்தப் பாரத்தைச் சுமக்கிறவர்கள் அதைச் சுமக்கச் சக்தி குறைந்தவர்கள்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வகையில் உடற்செயல் குறைபாடு இருப்பதாகக் கண்டது. நூறில் பதினொரு பேர். சமூகநல இலாகாவின் பதிவேட்டில் இருப்பவர்களோ நாடு முழுவதற்குமே சில லட்சம் பேர். மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டை ஒட்டிய எண்ணிக்கை. ஆய்வின் அளவுகோலும் பதிவின் அளவுகோலும் ஒன்றல்ல, உண்மைதான். லேசான குறைபாடுகளையும் ஆய்வு சேர்த்துக்கொள்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது. அதே ஆய்வில் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் 18.3 விழுக்காடு. 2023இல் அது 15.6 ஆகக் குறைந்தது. இந்தியர்களிடையே இந்நோய் நாட்டின் சராசரியைவிட மிக அதிகம் என்பது மலேசியத் தமிழர் எவருக்கும் புள்ளிவிவரம் காட்டி நிரூபிக்க வேண்டிய செய்தி அன்று. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலே தெரியும்.

வெளியுலகம் பத்தாங் காலியை இரண்டு துயரங்களால் அறியும். 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் 24 நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றது ஒன்று. 2022 டிசம்பரில் முகாமிட்டிருந்த 31 பேரை மண்சரிவு கொண்டுபோனது மற்றொன்று. செய்தியாகாத துயரம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மெல்ல நடந்தது. கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பால்மரமும் செம்பனையுமாக நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு இந்த மண்ணில் விளைந்தது. விளைவித்தவர்களின் உடல்நலம் மட்டும் நூறு ஆண்டுகளாக யாரோ ஒருவரின் தயவைச் சார்ந்தே இருந்து வந்திருக்கிறது.

முன்பு அந்தத் தயவு தோட்ட நிர்வாகத்தினுடையது. பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகள் மருத்துவ வசதி தர வேண்டும் என்றன. சுதந்திரத்துக்குப் பிறகு 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. இந்த உதவியாளரைத் தோட்டத்து மக்கள் டிரஸர் என்பார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், பாம்பு கடித்தவரை லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், இன்று வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சீட்டு எழுதுவதும் அவர்தான். அந்த ஏற்பாட்டில் கொடுமைகள் உண்டு. சம்பளம் கொடுக்கிறவரே நோயைத் தீர்மானிக்கிறவராகவும் இருந்தால் யாருக்குச் சாதகமாகத் தீர்மானிப்பார் என்பது தெரிந்ததே. என்றாலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்தகம் இருந்தது. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பது அங்கிருந்தவருக்குத் தெரிந்தது.

தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. பால்மரக் காடாக இருந்த இடங்களில் புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா என்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. டிரஸர் போனார், மருந்தகம் பூட்டப்பட்டது, ஆயாக் கொட்டகை இடிந்தது. தோட்ட நிர்வாகத்தின் கடமை முடிந்த இடத்தில் அரசின் கடமை தானாகத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியது, ஆனால் வேறொரு நிபந்தனையோடு. இனி மக்கள்தான் போக வேண்டும், கையில் ஆவணத்தோடு.

போவது எங்கே? உலு சிலாங்கூரின் மாவட்டத் தலைநகர் கோல குபு பாரு. மாவட்ட மருத்துவமனையும் அங்கேதான். கண், எலும்பு, சிறுநீரகம் என்று நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் செலாயாங் அல்லது சுங்கை பூலோ. கோல சிலாங்கூர் பக்கத்தவர்களுக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை; அதற்கு மேல் என்றால் கிள்ளான். பத்தாங் காலிக்குக் கொமுட்டர் ரயில் வருகிறது, நல்ல வசதி. ஆனால் ஒற்றைக் காலோடு செம்மண் சாலையைக் கடந்து அந்த நிலையத்தை அடைவது எப்படி? கட்டணம் என்று பார்த்தால் குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணருக்கு ஐந்து ரிங்கிட். உலகத்தில் இவ்வளவு மலிவாக மருத்துவம் தரும் நாடுகள் குறைவு. மலேசியா பெருமைப்பட வேண்டிய விஷயம் அது. ஆனால் தோட்டத்துக் குடும்பத்தின் செலவு ரசீதில் வராது. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணமும், கூடப் போகும் மகன் இழக்கும் ஒருநாள் கூலியும்தான் செலவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் அடுத்த தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

அட்டை வாங்குவது எப்படி என்று பார்ப்போம். விண்ணப்பப் பாரத்தில் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்ப வேண்டும். சில பிரிவுகளுக்குச் சாதாரண மருத்துவர் போதாது, நிபுணரே கையெழுத்திட வேண்டும். பக்கவாதம் என்றால் உடனே உறுதி செய்ய மாட்டார்கள். சிகிச்சையும் பயிற்சியும் முடிந்து சில மாதம் கழித்து, குறைபாடு நிலைத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான். மருத்துவ ரீதியில் இது சரி. கை கால் மீண்டும் அசையத் தொடங்கும் வாய்ப்பு அந்த மாதங்களில்தான் அதிகம். ஆனால் குடும்பம் நொறுங்குவதும் அதே மாதங்களில்தான். சம்பளம் நின்றுவிடும், வாரந்தோறும் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும், கவனித்துக்கொள்ள ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். அப்போது அவர் இன்னும் ஓகேயூ இல்லை. உதவி மிகத் தேவைப்படும் காலத்தில் தகுதி இல்லாதவராகவும், உடல் தேறும் வாய்ப்பு கடந்த பிறகு தகுதி உள்ளவராகவும் ஆகிறார்.

அட்டை வந்துவிட்டால் பணம் தானாக வருமா என்றால் வராது. உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம், தனி விசாரணை. வேலை செய்ய இயலாத மாற்றுத் திறனாளிக்கு மாதம் 300 ரிங்கிட். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவருக்கு 500. வேலை பார்க்கும் மாற்றுத் திறனாளிக்கு 450. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்ட தொகைகள் இவை. வேலை செய்ய இயலாதவருக்கான தொகைக்குக் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். நாட்டின் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் 2022இல் மாதம் 2,589 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. இரண்டு பிள்ளைகள் தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினாலே 3,400 ஆகிவிடும். வீடு ஏழை வீடு இல்லை என்றாகிவிடும். அந்த இருவரில் ஒருவருக்குத் தனிக் குடும்பம் இருக்கலாம், மற்றவர் மோட்டார் சைக்கிள் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டிலிருக்கும் தாயின் கைக்கு அதில் எவ்வளவு வருகிறது என்பதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

உடற்குறைபாட்டின் செலவைக் கழித்துவிட்டு வருமானத்தைக் கணக்கிடுவதே நேர்மை. சக்கர நாற்காலி, பெரியவர்களுக்கான டயப்பர், மருத்துவமனைக்கு வாகனம் என்று ஒரு வீட்டுக்குக் கூடுதலாக ஆகும் செலவு அந்த வீட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளினால், அது ஏழை வீடுதான்.

இன்னொரு வழி சொக்சோ. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டும் இந்தப் பாதுகாப்பு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971 முதல் நடந்து வருகிறது. வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு, வேலைக்கு வெளியே வந்த நோயால் உழைக்க முடியாமல் போனால் இயலாமை ஓய்வூதியம் என்று உருப்படியான திட்டம். ஓய்வூதியம் முழுமையாகப் பெற, இயலாமைக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் மாதங்களில் மூன்றில் இரண்டு பங்காவது கட்டியிருக்க வேண்டும்.

தோட்டத்தில் பத்து ஆண்டுகள் பதிவான தொழிலாளியாக வேலை செய்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். தோட்டம் கைமாறுகிறது. அதே செம்பனைக் காட்டில் அதே வேலையைக் காண்டிராக்டரின் கீழ் நாள்கூலிக்குச் செய்கிறார். இன்னும் பத்து ஆண்டுகள். காண்டிராக்டர் சந்தா கட்டவில்லை. ஐம்பது வயதில் பக்கவாதம். கடைசி 40 மாதம் வெறுமை. மொத்தத்திலும் பாதிதான் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கு முழு ஓய்வூதியம் இல்லை, குறைந்த விகிதத்தில்தான் கிடைக்கும். தொழிலாளியைப் பதிவு செய்யாத முதலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்கிறது சட்டம். ஆனால் முழு ஓய்வூதியத்தை இழந்தது தொழிலாளி.

அந்தப் பெண் மருந்து அடித்தவராகவும் இருக்கலாம். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முதுகில் பம்பு, முகத்தில் துணிக்கட்டு, காற்று திரும்பினால் எல்லாம் மூக்கில். பெண் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இப்பெண்களின் தோல், கண், நகம், மூச்சு ஆகியவற்றில் ஏற்பட்ட பாதிப்புகளைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மலேசியா பராகுவாட் களைக்கொல்லியைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரியில்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் தெளித்தவர்களின் நுரையீரலுக்கு எந்தப் பிரிவின் கீழ் எந்த மருத்துவர் சான்று தருவார்? வேலையால் வந்த நோய் என்று நிரூபிக்க வேலை செய்த சான்று வேண்டும். காண்டிராக்டர் கொடுத்த சீட்டு எது?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது குடிமக்களின் நீல அடையாள அட்டை. அரசின் உதவித்தொகைகள் குடிமக்களுக்கானவை. குடியுரிமை ஆவணம் இல்லாதவர் மருத்துவமனையிலும் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும்: வெளிநோயாளியாக ஒரு ரிங்கிட்டுக்குப் பதில் 40, நிபுணருக்கு ஐந்துக்குப் பதில் 120. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வாழ்ந்தவர்களில் ஆவணம் இல்லாதவர்கள் எப்படி வந்தார்கள்? 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களின் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொன்னது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டவர்களில் பலர் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தாயிடம் ஆவணம் இல்லையென்றால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதில்லை. 2011இல் மைடாஃப்தார் இயக்கம் நடத்தி இந்திய சமுதாயத்தில் ஆவணமற்றவர்களை அரசே தேடியது. வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அது போன்ற இயக்கம் தொடர்ந்து நடக்க வேண்டும்.

அரசின் இலக்குகளைப் படித்தால் மனம் நிறையும். மாற்றுத் திறனாளிகள் கொள்கை 2007இல் வந்தது. 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டமான 685ஆம் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 2008இல் கையெழுத்திட்டு 2010இல் உறுதி செய்தது. அந்த உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு, மருத்துவ சேவைகள் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில், கிராமப்புறங்களிலும் கிடைக்க வேண்டும் என்கிறது. தோட்டத்து லயத்தை நினைத்து எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் 685ஆம் சட்டத்தை மீறுகிறவருக்குத் தண்டனை இல்லை. அரசு மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி 41ஆவது பிரிவு காப்பு அளிக்கிறது. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை. அரசுப் பணிகளில் ஒரு விழுக்காடு மாற்றுத் திறனாளிகளுக்கு என்ற இலக்கு 1988இலிருந்து இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எட்டப்படவில்லை. கேட்டுப் பெற வழியில்லாத உரிமை தயவாகவே மிஞ்சும். தோட்ட நிர்வாகத்தின் தயவிலிருந்து விடுபட்டவர்களை இலாகாவின் தயவில் விட்டிருக்கிறோம்.

அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தைப் பாருங்கள். ரொக்க உதவி பெறும் பட்டியலில் இருப்பவர் 40 வயதைத் தாண்டியிருந்தால் போதும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. அவர் ஏற்கெனவே தகுதி பெற்றவர். பங்கேற்கும் கிளினிக்கில் அடையாள அட்டையைக் காட்டினால் இரத்தம், சிறுநீர் எல்லாம் இலவசப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கருவி தேவைப்பட்டால் 20,000 ரிங்கிட் வரை உதவி. புற்றுநோய் சிகிச்சைக்கு வந்து போகும் பயணச் செலவுக்குக்கூட அதில் இடம் உண்டு. தேவை உள்ளவரைத் தானே கண்டுபிடிக்கும் திட்டம் அது. சொக்சோவும் தன் வாசலை அகலமாக்கி வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை 2019இல் விபத்துப் பாதுகாப்பில் சேர்த்தது. 2024 ஜூலையில் இயலாமைப் பாதுகாப்பிலும் சேர்த்தது. இன்று இந்தத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 120 ரிங்கிட்டில் பாதுகாப்பு இருக்கிறது. 55 வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் கவலை.

தமிழ்நாட்டிலும் கற்க ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி சிகிச்சை. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. மலேசியாவில் மருந்தைத் தபாலில் பெறும் வசதி உண்டு. ஆனால் பல லயங்களில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். தபாலை நம்புவதைவிட மருந்தோடு ஒரு தாதி மாதம் ஒருமுறை லயத்துக்கு வந்தால், பாதத்துப் புண் சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும்.

நியூசிலாந்தில் யார் பொதுப்பண மருத்துவத்துக்குத் தகுதியுள்ளவர் என்பது 2011இல் வெளியான ஒரே ஆணையில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வேலை விசா உள்ள வெளிநாட்டவரும் அதில் அடக்கம். விபத்தில் காயம்பட்டவருக்கோ யார் குற்றம் என்றே கேட்பதில்லை. 1974லிருந்து சுற்றுலாப் பயணிக்குக்கூட விபத்து இழப்பீட்டு அமைப்பு செலவை ஏற்கிறது. பணக்கார நாடு, செய்கிறது என்று சொல்லிவிடலாம். தகுதி விதிகளை எல்லாம் ஒரே இடத்தில், படித்தால் புரிகிற மாதிரி எழுதி வைக்கப் பணம் தேவையில்லை. இங்கே மருத்துவமனை ஒரு விதி, சமூகநல இலாகா ஒரு விதி, சொக்சோ ஒரு விதி, மாநில அரசு ஒரு விதி. நாலு கதவையும் தட்டிப் பார்க்கும் வேலை நடக்க முடியாதவருக்கு.

ஆகவே செய்ய வேண்டியது இது. காலை எடுத்த மருத்துவமனையே, நோயாளி வார்டை விட்டுப் போகும் முன் ஓகேயூ பாரத்தில் மருத்துவர் பகுதியை நிரப்பிச் சமூகநல இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். சான்று தரும் மருத்துவர் அங்கேயே இருக்கிறார். இன்னொரு நாள், இன்னொரு வாடகைக் கார் எதற்கு? அட்டை பதிவாகும்போதே உதவித்தொகைக்கும் சொக்சோவுக்கும் தகுதி உண்டா என்று இலாகாக்கள் தமக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்ப வருமானமும் சந்தா விவரமும் அரசின் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கவாதம் வந்தவருக்குக் குறைபாடு நிலைத்ததா என்று தெரியும்வரை தற்காலிகத் தகுதி தர வேண்டும். டயாலிசிஸில் இருப்பவரை ஓகேயூ என்று அழைக்க விருப்பமில்லையென்றால் வேண்டாம். ஆனால் போக்குவரத்துச் செலவுக்கும் வேலை இழப்புக்கும் அதே அளவு உதவி அவருக்குச் சேர வேண்டும்.

இடம் தேடி அலைய வேண்டாம். டிரஸரும் மருந்தகமும் போன தோட்டங்களில் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் இன்னும் நிற்கின்றன. சமூகநல இலாகா, தேசியப் பதிவு இலாகா, சொக்சோ, கிளினிக் நான்கும் ஒரே சனிக்கிழமை ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், பல குடும்பங்களின் பல ஆண்டு அலைச்சல் அன்றோடு தீரும். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வு மையம் முதன்முதலில் தொடங்கப்பட்டபோது அதன் எண்ணமே, மறுவாழ்வு மருத்துவமனைக்குள் அடைந்து கிடக்காமல் கிராமத்துக்குள் வர வேண்டும் என்பதுதான். நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட மையங்களாக அது வளர்ந்துவிட்டது. தோட்டத்துக்கும் அந்த வழி வர வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 2024 மே மாதக் கோல குபு பாரு இடைத்தேர்தலை ஒட்டி அவ்வீடுகள் பற்றிய வாக்குறுதி மீண்டும் வேகம் பெற்றது. காத்திருந்த காலத்தில் அவர்களுக்கு வயதாகிவிட்டது. அந்த வீடுகளைக் கட்டும்போது வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் குளியலறைக் கதவும் வேண்டும். தடையற்ற கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1184 கையில் இருக்கிறது. கட்டிய பிறகு இடிப்பதைவிடக் கட்டும்போதே செய்வது மலிவு.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ, பக்கத்து லயத்திலோ கால் இழந்தவர், பார்வை குறைந்தவர், பக்கவாதத்தில் படுத்தவர், பேச்சு வராத பிள்ளை யாராவது இருந்தால், மருத்துவமனைக்கு அடுத்த முறை போகும்போது ஓகேயூ பதிவுப் பாரத்தைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட்ட பாரம், அடையாள அட்டை நகல், கடப்பிதழ் அளவுப் படம் ஆகியவற்றோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கணினி வழியாகவும் விண்ணப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ கல்லூரிக்குப் போகும் பிள்ளையோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பதிவுக்கும் அட்டைக்கும் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; அந்தக் கடிதத்தோடு பத்தாங் காலி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள்.